எம்டன் நினைவுகள்: ஓர் உளவியல் நோக்கு

முன்னுரை

சூழ்ச்சித் திறம் மிக்கவனையும் எவருக்கும் அஞ்சாதவனையும் 'அவன் பெரிய எம்டன்' என்று கூறும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இச்சொல் பழந்தமிழ் நூல்களில் காணப்படுவதில்லை. 1914ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே இவ்வாறு நம் பேச்சில் கலந்துவிட்டது. சிங்களத்திலும் இச்சொல் ஏறக்குறைய இதே பொருளில் வழங்குகிறது.

அக்கப்பலைக் கண்டவர் எவரும் இன்று நம்மிடையே இலர். ஆயினும் அதன் நினைவு இராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்ப்பேட்டையிலும் வீட்டுக் கதையாக வழங்கி வந்துள்ளது. ஒரு நிகழ்ச்சி மனத்தில் எவ்வாறு பதிகிறது, பதிந்தது எவ்வாறு மாறுகிறது, மாறியதை எவ்வாறு சோதித்தறிவது என்னும் மூன்று வினாக்களுக்கு எம்டன் நிகழ்ச்சியைச் சான்றாகக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்று நிகழ்ந்தது

முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு திங்கள்கூட நிறைவுறாத காலம். கார்ல் வான் முல்லர் என்பவர் எம்டன் கப்பலின் தலைவர். அக்கப்பலுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி ஆங்கிலேயக் கப்பல்போல் தோன்றச் செய்து, அவர் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடித்து வந்தார். 22ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பின் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, தேடொளி விளக்கைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டார். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் வெடித்தன. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றும் தாக்குண்டது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எம்டன் இருளில் மறைந்தது. உயர்நீதிமன்ற வளாகத்தின் மதிலில் உள்ள நினைவுப் பலகை இன்றும் இதற்குச் சான்று பகர்கிறது.

ஏழு வாரங்களுக்குள், 1914 நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவுக்கருகில் சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் கப்பலால் எம்டன் அழிக்கப்பட்டது. எனினும் சென்னை மக்களின் அச்சம் அத்துடன் அடங்கவில்லை. அத்தாக்குதலை அடுத்து நகரை விட்டு வெளியேறியோர் பலர். இந்திய மக்களிடையே பரபரப்பை எழுப்புவதும், ஆங்கிலேயரின் வாணிகத்தைக் குலைப்பதும், அவர்தம் மதிப்பைக் குறைப்பதுமே தம் நோக்கமென முல்லர் பின்னர் எழுதினார். எண்ணெய்த் தொட்டிகளை நோக்கி அவர் எறிந்த குண்டுகள் உண்மையில் மனித மனத்தை நோக்கியே எறியப்பட்டன எனலாம்.

நினைவின் மூன்று படிகள்

நினைவு என்னும் செயலை உளவியலார் பதித்தல், இருத்துதல், மீட்டல் என மூன்று படிகளாகப் பகுப்பர். கண்டதும் கேட்டதும் மனத்தில் இடம் பெறுவது பதித்தல். இடம் பெற்றது நிலைத்திருப்பது இருத்துதல். வேண்டும்போது வெளிக்கொணர்வது மீட்டல்.

இத்துறையில் முதன்முதலாகச் சோதனை முறையைக் கையாண்டவர் ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றவற்றில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள் மறைந்துவிடுவதையும், அதன்பின் மறதியின் வேகம் தணிவதையும் அவர் கண்டார். தேர்வுக்கு முதல்நாள் இரவில் மட்டும் படிக்கும் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை இது.

ஆனால் எபிங்காஸ் அளந்தது நினைவின் அளவை மட்டுமே. எஞ்சி நிற்கும் நினைவு பழைய வடிவிலேயே நிற்கிறதா என்பது வேறு வினா. இதனைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்லெட் ஆராய்ந்து 1932இல் வெளியிட்டார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேய மாணவரைப் படிக்கச் செய்து, பின்னர்ப் பலமுறை திருப்பி எழுதச் செய்தார். கதை சுருங்கியது, அவர்களுக்குப் புரியாத பகுதிகள் நழுவின, அவர்கள் அறிந்த பொருள்கள் அவற்றின் இடத்தில் வந்து அமர்ந்தன. தோணி படகாயிற்று. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே அமைந்துள்ள கருத்துச் சட்டகத்திற்கேற்பக் கதை உருமாறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. நினைவு கூர்தல் என்பது பெட்டியில் வைத்த பொருளை எடுப்பதன்று. கிடைத்த செங்கற்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் சுவரெழுப்புவதாகும்.

அச்சம் பதித்த நினைவு

'அச்சமூட்டும் நிகழ்ச்சி ஆழப் பதியுமன்றோ? அதுவும் மாறுமோ?' என்று கேட்கலாம். பெருந்துயர் அல்லது பேரதிர்ச்சி நேர்ந்த கணத்தில் தாம் எங்கிருந்தோம், எவர் சொல்லக் கேட்டோம் என்பதைப் பலரும் ஒளிப்படம்போல் விவரிப்பர். 1977இல் பிரௌன், குலிக் என்னும் இருவர் இதற்கு 'மின்னொளி நினைவு' எனப் பொருள்படும் பெயரிட்டனர்.

இதனை நைசர், ஹார்ஷ் என்போர் சோதித்தனர். 1986 சனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ஓடம் வெடித்துச் சிதறியது. மறுநாட் காலையே, அச்செய்தியைத் தாம் அறிந்த விதத்தை மாணவர்களை எழுதித் தரச் செய்தனர். இரண்டரை ஆண்டு கழித்து அதே மாணவருள் 44 பேரை மீண்டும் கேட்டனர். நான்கில் ஒரு பங்கினர் எல்லாக் கூறுகளிலும் தவறினர். முற்றும் சரியாகக் கூறியோர் மூவரே. தவறியோர் பலரும் தம் நினைவில் உறுதியான நம்பிக்கை கொண்டிருந்தனர். தம் கையெழுத்தையே காட்டியபோதும் அவர்களுக்குப் பழைய நினைவு மீளவில்லை. உறுதியாகச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு என்பதை இவ்வாய்வு தெளிவாக்கியது.

அச்சத்திற்கு இன்னோர் இயல்பும் உண்டு. 1934 சனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் இந்திய உளவியலார் தொகுத்து ஆராய்ந்தார். நில அதிர்வை உணர்ந்தும் பேரழிவைக் காணாத மக்களிடையே, 'இதனினும் பெரிய கேடு வரப்போகிறது' என்னும் வதந்திகள் பரவின. பின்னாளில் அமெரிக்க அறிஞர் பெஸ்டிங்கர் இதற்குப் புதுவிளக்கம் தந்தார். அச்சம் மனத்தில் நிறைந்திருக்க, அதற்குரிய காரணம் கண்முன் இல்லாதபோது, மனம் தன் அச்சத்திற்கு ஏற்ற காரணத்தைத் தேடிக்கொள்கிறது என்றார். வெடியொலியை மட்டும் கேட்டு, கப்பலைக் காணாது இருளில் நின்ற சென்னை மக்களின் மனநிலையை உணர இவ்விளக்கம் பெரிதும் துணை செய்கிறது. மாயக்கப்பல் என்று எண்ணத் தக்க அளவுக்கு எம்டன் வளர்ந்ததும், அதன் பெயர் ஒரு சொல்லாக நிலைத்ததும் வியப்பன்று.

பின்னர் வந்து சேர்ந்த வீரர்

எம்டனைப் பற்றி வழங்கும் செய்திகளுள் மிகவும் புகழ்பெற்றது, விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்பதாகும். மேடையிலும் ஏட்டிலும் இது பன்முறை கூறப்பட்டுள்ளது. இதனைக் காலத்தையும் இடத்தையும் கொண்டு ஆராய்வோம்.

எம்டன் 1910இல் ஜெர்மனியை விட்டுக் கிழக்காசியப் பணிக்குப் புறப்பட்டது. அதன்பின் தாயகம் திரும்பவேயில்லை. போர் மூண்டபோது அது சீனக் கடற்கரையிலிருந்த ஜெர்மானியத் தளமான சிங்தாவைச் சார்ந்து இயங்கியது. செண்பகராமனோ 1908 முதல் ஐரோப்பாவில் வாழ்ந்தவர். 1914இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கெனக் குழு அமைத்துச் செயலாற்றி, பின்னர்ப் பெர்லின் சென்றவர். போர்க்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் நடுக்கடலில் உள்ள கப்பலைச் சென்றடைந்தார் என்பதற்கு இடமில்லை.

அவ்வாறாயின் இச்செய்தியைக் கூறியோர் பொய்யரா? அல்லர். இங்கே பார்ட்லெட் கூறிய கருத்துச் சட்டகம் செயற்படுகிறது. ஆங்கிலேயரை எதிர்த்த தமிழர் ஒருவர் ஜெர்மனியின் துணையை நாடினார் என்பது உண்மை. ஆங்கிலேயர் ஆண்ட சென்னையை ஜெர்மானியக் கப்பல் தாக்கியது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளுக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தை, அடிமைப்பட்ட மக்களின் ஏக்கம் நிரப்பிற்று. நம் நகரைத் தாக்கிய கப்பலில் நம்மவர் ஒருவரும் இருந்தார் என்றால், அச்சம் பெருமிதமாக மாறிவிடுகிறதன்றோ?

செண்பகராமனின் பெருமைக்கு எம்டன் தேவையில்லை. 1915இல் காபூலில் இராஜா மகேந்திர பிரதாப் தலைமையில், மௌலவி பரக்கத்துல்லா பிரதமராக அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் அவர் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டார் என்பதே அவர் புகழுக்குப் போதிய சான்று.

யாரிடம் கேட்டாய்?

நினைவு மாறும் இயல்பினதாயின் முதியோர் சொல்லை ஒதுக்கிவிடலாமா என்று மாணவர் எண்ணுதல் கூடாது. நினைவைச் சோதிக்கும் நெறியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் ஒவ்வொரு செய்தியுடனும் அதை அறிவித்தோரின் தொடரையும் சேர்த்தே ஏற்றனர். இதனை இஸ்னாத் என்பர். அறிவிப்பாளர் நேர்மையாளரா என்று பார்த்ததுடன் அவர்கள் அமையவில்லை. அவருடைய நினைவு துல்லியமானதா என்பதையும் தனியே ஆராய்ந்தனர். முதுமையில் நினைவு தளர்ந்தவராயின், தளர்வதற்கு முன் கூறியவற்றையும் பின் கூறியவற்றையும் வேறு பிரித்தனர். நல்லவர் சொல்லும் நினைவுப் பிழையால் தவறலாம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அவரை இழிவு செய்யாமலே அவர் சொல்லை அவர்கள் ஆராய்ந்தனர்.

கேட்பவரின் வினாவும் நினைவைத் திரிக்கும். 1974இல் லாப்டஸ், பாமர் என்போர் கார் விபத்துப் படமொன்றை மாணவர்க்குக் காட்டினர். சிலரிடம் 'கார்கள் மோதி நொறுங்கியபோது' என்றும், சிலரிடம் 'கார்கள் இடித்துக்கொண்டபோது' என்றும் சொல்லி, வேகம் என்ன என்று வினவினர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீரா என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் 'நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகக் கூறினர். மற்ற 50 பேரில் அவ்வாறு கூறியோர் 7 பேரே.

வடசென்னையில் மாணவர் பணி

இச்செய்திகள் தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல. துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் அதன் வடபால் கடல் நிலத்தை அரித்தது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை, 'இங்கே தெரு இருந்தது, அங்கே வலை உலர்த்தினோம்' என்று கூறும் முதியோர் உளர். 2017 சனவரி 28இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இழந்ததை எண்பிக்க வேண்டிய எளியோரிடம் ஆவணங்கள் குறைவு. நினைவே அவர்தம் ஆவணம். அந்நினைவு கலங்கிவிட்டால் அவர்தம் வழக்கும் கலங்கும்.

ஆதலின் மாணவர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. நிகழ்ச்சி நேர்ந்த அன்றே நாளும் நேரமும் இடமும் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். முதியோரிடம் கேட்கும்போது, விடையை உள்ளடக்கிய வினாவைத் தவிர்த்து, 'என்ன கண்டீர்கள், ஐயா?' என்று பொதுவாகத் தொடங்குதல் நன்று. கண்டதையும் கேட்டதையும் தனித்தனியே பதிதல் வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர்க்குச் சொல்லுமுன் அவர் நினைவைத் தனியே கேட்டறிதல் வேண்டும். இறுதியாக, வரைபடம், செய்தித்தாள், துறைமுகக் குறிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

திருவள்ளுவர் பொச்சாவாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, மறதியாகிய சோர்வைக் கடிந்தார். மறத்தல் ஒரு குறையென்றால், நிகழாததை நிகழ்ந்ததாக நினைத்தல் அதனினும் நுட்பமான குறையாகும். மறந்தவன் தான் மறந்ததை அறிவான். மாற்றி நினைப்பவனோ தன் பிழையை அறியான். முதியோரின் நினைவை மதித்துக் கேட்பதும், கேட்டதை அன்புடன் ஆராய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளும் மாணவரே தம் ஊரின் உண்மை வரலாற்றை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்க வல்லவராவர்.