நூற்ற நூலைப் பிரிக்காதீர்கள்: ஒப்பந்தமும் அமானிதமும்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

 

நூலும் துணியும் நம் திருப்பூரின் பிழைப்பு. அல்லாஹ் தன் திருமறையில் வாக்கு மீறுவதைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்காட்டாகச் சொன்னதும் நூலைத்தான். நஹ்ல் அத்தியாயத்தின் 92-வது வசனத்தில், உறுதியாக நூற்று முடித்த நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துப் போட்ட ஒரு பெண்ணைப் போல ஆகிவிடாதீர்கள் என்று அவன் எச்சரிக்கிறான். அந்த வசனம் அத்தோடு நிற்கவில்லை. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைவிடப் பெரியது என்பதற்காகச் சத்தியங்களை ஏமாற்றுக் கருவியாக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வாக்கு எப்போது முறிகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒருவர் கை ஓங்கும்போதுதான்.

இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சரித்திரத்தைப் பார்ப்போம்.

தாரீன், 1915

1902-ல் ரியாத்தை மீட்ட அப்துல் அஸீஸ் இப்னு ஸவூத், 1913-ல் உதுமானியர்களிடமிருந்து அல்-அஹ்ஸாவைக் கைப்பற்றினார். அத்தோடு வளைகுடாக் கடற்கரை அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. அவருக்குப் பணமும் ஆயுதமும் தேவைப்பட்டன. பிரிட்டனுக்கோ உதுமானியர்களுக்கு எதிராக ஒரு நண்பர் தேவைப்பட்டார்.

1915 டிசம்பர் 26-ல், கதீஃப் கடற்கரையை ஒட்டியுள்ள தாரூத் தீவின் தாரீன் என்ற ஊரில் இருவரும் ஒப்பந்தம் செய்தார்கள். பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்டவர் சர் பெர்சி காக்ஸ். அன்று வளைகுடா விவகாரங்களைக் கவனித்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. எனவே அரேபியாவின் அந்த ஒப்பந்தத்துக்கு 1916 ஜூலை 18-ல் நம் நாட்டின் சிம்லாவில், வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு ஒப்புதல் கொடுத்தார்.

அதில் என்ன இருந்தது? நஜ்தும் அல்-அஹ்ஸாவும் கதீஃபும் ஜுபைலும் அவருடையவை என்று பிரிட்டன் ஏற்றது. வெளியார் தாக்கினால் உதவுவதாகவும் சொன்னது. 1917-லிருந்து மாதம் 5,000 பவுண்டு உதவித்தொகையும் வந்தது. பதிலுக்கு அவர் வேறு எந்த அந்நிய நாட்டோடும் கடிதத் தொடர்போ உடன்படிக்கையோ வைத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனின் சம்மதம் இல்லாமல் தன் நிலத்தை அந்நியருக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அவருக்குப் பின் வரும் வாரிசு பிரிட்டனுக்கு விரோதியாக இருக்கக் கூடாது.

தேவையோடு உட்கார்ந்தவர் கொடுத்த விலை இது.

ஜித்தா, 1927

பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. 1925 இறுதியில் ஜித்தாவும் அவர் வசமானது. 1926 ஜனவரியில் அவர் ஹிஜாஸின் மன்னரானார். மக்காவும் மதீனாவும் இப்போது அவர் ஆட்சியில். பழைய ஒப்பந்தம் இனிப் பொருந்தாது என்று இரு தரப்பும் மறுபடி பேச அமர்ந்தன. பிரிட்டன் சார்பில் சர் கில்பர்ட் கிளேட்டன் வந்தார். 1927 மே 20-ல் ஜித்தா ஒப்பந்தம் கையெழுத்தானது. அவருடைய முழுச் சுதந்திரத்தை பிரிட்டன் ஏற்றது. 1915 ஒப்பந்தம் ரத்தானது. தீராத மஆன், அகபா எல்லைப் பிரச்சினை கடிதங்கள் மூலம் பின்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

இந்த ஒப்பந்தம் நம் முன்னோர்களையும் தொட்டது. பிரிட்டிஷ் குடிமக்களான முஸ்லிம்கள் ஹஜ் செய்ய வசதி தரப்படும், அவர்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஒரு ஷரத்து சொன்னது. அங்கே மவுத்தாகும் ஹாஜியின் பொருளை ஏற்க உரியவர் யாரும் இல்லையென்றால், அது பிரிட்டிஷ் பிரதிநிதி வழியாக வாரிசுகளுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றது அடுத்த ஷரத்து. அன்று தமிழகத்திலிருந்து போன ஹாஜிகளுக்கும் இது பொருந்தியது.

ஆனாலும் கடைசியில் ஒரு ஷரத்தைக் கவனியுங்கள். ஆங்கிலம், அரபி இரண்டும் சமம். ஆனால் பொருளில் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே செல்லும். சமம் என்று எழுதிய பிறகும் பேனா பலசாலியின் கையிலேயே இருந்தது.

பேனா யாருக்கு உரியது?

பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் கடன் எழுதும் முறையைச் சொல்கிறது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அது. வாசகத்தை யார் சொல்ல வேண்டும்? பணம் கொடுப்பவர் அல்ல, கடன் பொறுப்பைச் சுமப்பவர் சொல்ல வேண்டும் என்கிறான் அல்லாஹ். அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். சுமக்கப் போகிறவருக்குத் தான் எதைச் சுமக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பலம் குறைந்த நேரத்தில் செய்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு ஹுதைபிய்யா சாட்சி. உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, விலங்கோடு தப்பி வந்தார் அபூஜந்தல் (ரலி). மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்புவதாகப் பேசியாகிவிட்டது. ஸஹாபாக்கள் கலங்கி நிற்க, நபி (ஸல்) அவர்கள் பொறுமையை உபதேசித்து அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

நம் ஊரில் நாம் யார்?

சகோதரர்களே! மேலே பார்த்தால் நாம் தாரீனில் உட்கார்ந்தவரைப் போல. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்டரில் அவருடைய வாசகம், அவருடைய தேதி, அவருடைய அபராதம். கீழே பார்த்தால் நாமே சிம்லா! பவர் டேபிள்காரருக்கும், செக்கிங் வேலைக்கு வரும் பெண்களுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழ் படிக்கத் தெரியாமல் கையெழுத்திடும் தம்பிக்கும் நாம்தான் ஷரத்து எழுதுகிறோம்.

மேலிருந்து நம்மை அழுத்துவதைச் சொல்லிப் புலம்பும் நாம், அதே அழுத்தத்தைக் கீழே இறக்கிவிடுகிறோமா? பீஸ் ரேட்டைப் பேசி, சரக்கு வந்து சேர்ந்தபின் குறைப்பது நூற்ற நூலைப் பிரிப்பதுதான். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதி என்று அல்லாஹ் சொல்வதாக புகாரியில் வரும் ஹதீஸ் நம்மை நடுங்க வைக்க வேண்டும்.

ஆகவே ரேட்டையும், பணம் தரும் நாளையும் வேலைக்கு முன்பே எழுதுங்கள். எதிரே இருப்பவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். அவரையும் பேச விடுங்கள். நிலைமை மாறினால் ஒருதலையாக வெட்டாமல், மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் கையெழுத்திடும் இடத்திலும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். போட்டபின் வாக்கு மாறாதீர்கள்.

நம் கை ஓங்கியிருக்கும்போது நீதியோடும், தாழ்ந்திருக்கும்போது பொறுமையோடும் வாக்கைக் காக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.