பாறை இல்லாத ஊரில்

அன்புள்ள தம்பிக்கு,

மரம் வெட்டும் சிஎன்சி எந்திரம் கட்ட ரிச்சி தெருவுக்குப் போய் மோட்டார் வாங்கி வந்துவிட்டதாகச் சொன்னாய். நாலு ஸ்டெப்பர், அதற்கு டிரைவர், 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், எல்லாம் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படித்தான் தாலியை வாங்கி வைத்துக்கொண்டு பெண் தேடினேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய் வா. கடற்கரைக் கோயில் பக்கம் போகாதே, கூட்டம். வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பார். மேல்தளங்களில் வேலை முடிந்திருக்கும், அடியில் பாறை பாறையாகவே நிற்கும். பல்லவர் காலத்துச் சிற்பிகள் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கி வந்தவர்கள். அடிப்பகுதியை அவர்கள் கடைசிக்கு வைத்துக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் அது பூமியோடு ஒட்டிய பாறை, அசையாது. கேளம்பாக்கத்தில் நீ பட்டறை போட்டிருப்பதோ உப்பளத்துக்குப் பக்கத்து மண்ணில். உன் பாறையை நீதான் இரும்பில் செய்துகொள்ள வேண்டும், அதுவும் முதல் வேலையாக.

1952-ல் அமெரிக்காவில் எம்ஐடி காட்டிய முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் எந்திரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவாய் அல்லவா? அதற்கு அவர்கள் புதிதாக உடம்பு கட்டவில்லை. சின்சினாட்டி கம்பெனியின் கனமான மில்லிங் மிஷின் ஒன்றை எடுத்து, அதன்மேல் வால்வு நிறைந்த மின்னணுப் பெட்டியை மாட்டினார்கள். இன்றைக்கு அந்தப் பெட்டியின் வேலையை ஜிஆர்பிஎல் மென்பொருள் காசில்லாமல் செய்துவிடுகிறது. இரும்பு இன்னும் கிலோ கணக்கில்தான் விற்கிறது.

8-க்கு 4 அடி ஷீட் முழுதாகப் படுக்கவேண்டும் என்றால் சட்டம் 10 அடிக்குக் குறையாது. நல்ல கனமான சதுரக் குழாய் எடு. என் முதல் சட்டத்தை ஒரே நாளில் வெல்டு அடித்தேன், ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக. சாயங்காலம் ஆறினபின் நூல் கட்டிப் பார்த்தால் ஒரு மூலை ஒன்றரை நூல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மர வேலைக்காரனுக்கு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் கதவு செய்யலாம், ஸ்பிண்டிலைச் சுமக்கும் கேன்ட்ரி ஓடாது. ஆகவே எல்லா இணைப்பையும் முதலில் புள்ளி புள்ளியாக டாக் வைத்து நிறுத்து. பிறகு எதிரெதிர் மூலையாக மாறி மாறி, இரண்டு அங்குலம் அடி, ஆறவிடு, டீ குடி.

அப்படி அடித்தாலும் கேன்ட்ரி ஓடும் ரெயில் உட்காரும் முகம் மட்டமாக வராது. கொத்தனாரின் டியூப் லெவல் எப்படி வேலை செய்கிறது? ஒரே தண்ணீர், இரண்டு முனையிலும் ஒரே உயரம். அதையே எபாக்சியில் செய். இரண்டு நீளக் குழாய்களின் தலையிலும் வரப்புக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கால்வாயால் இணைத்து, மெதுவாக இறுகும் நீர்த்த எபாக்சியை ஊற்றினால் அதுவே தன் மட்டத்தைத் தேடிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஊற்றாதே. ஈரக்காற்றில் மேலே பிசுக்குப் படியும், இறுகுவதும் கெடும்.

நீளவாட்டுக்கு 16 மில்லிமீட்டர் பால் ஸ்க்ரூ வேண்டாம். இரண்டரை மீட்டர் நீளத்தில் வேகமாகச் சுற்றினால் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி ஆடும். ரேக் அண்ட் பினியன் போடு, பக்கத்துக்கு ஒரு மோட்டார், ஒவ்வொன்றுக்கும் தனி லிமிட் ஸ்விட்ச். ஓட ஆரம்பித்ததும் 2400-க்கு 1200 மில்லிமீட்டரில் நாலு துளை போட்டு மூலைவிட்டம் இரண்டையும் அள. இரண்டும் 2683 சொச்சம் வரவேண்டும். ஒன்றுக்கொன்று 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் கேன்ட்ரி நாலடி அகலத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கோணியிருக்கிறது. நான் இதை அளக்காமல் இரட்டைக் கதவு ஒன்று வெட்டிக் கொடுத்தேன். பூஜையறைக் கதவு. செதுக்கிய கொடி இந்தப் பலகையில் ஏறி அந்தப் பலகையில் வேறிடத்தில் முளைத்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்கழி விடியலுக்கும் உன் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கத்திரி மதியத்துக்கும் 20 டிகிரியாவது வித்தியாசம் வரும். இரண்டரை மீட்டர் இரும்பு அதில் 0.6 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. சட்டமும் ரெயிலும் இரும்பாகவே இருந்தால் சேர்ந்து நீளும், சேர்ந்து சுருங்கும். உப்புக்காற்றுக்கு வேறு வழியில்லை, தினமும் கடை சாத்துமுன் எண்ணெய்த் துணியால் ரெயிலைத் துடை. ஸ்பிண்டிலைக் குளிர்விக்க போர் தண்ணீர் ஊற்றிவிடாதே, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும்தான். தூசி உறிஞ்சியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளாதே. மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் தூள் இன்னும் நைஸ்.

பெட்டிகளை இப்போதைக்குப் பிரிக்காதே. தை பிறந்து வெயில் நிலைத்ததும் எபாக்சி ஊற்றலாம், நானும் வருகிறேன். டியூப் லெவல் என்னிடம் இருக்கிறது, நீ வாங்கவேண்டாம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்