எழுபது வளைவு ஏறி வருகிறவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் நீ நடத்தப்போகும் வாங்குவோர் விற்போர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். காலை ஒன்பதரைக்குப் பதிவு, ஒன்பதே முக்காலுக்குக் குத்துவிளக்கு, பத்து மணிக்கு முதல் அமர்வு. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடக்கும் கூட்டத்துக்கு இது பொருந்தும். உன் மலைக்குப் பொருந்தாது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வர எழுபது கொண்டை ஊசி வளைவு. நீ பிறந்ததிலிருந்து அதில் ஏறி இறங்கியவன். உனக்கு அது தெரு. மிளகும் சாமையும் வாங்க வருகிறவர்களில் பலர் அதில் முதல் முறை ஏறுகிறார்கள். முப்பதாவது வளைவுக்குள் தலை சுற்றும். சிலர் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாகப் போய் வாந்தி எடுப்பார்கள். அப்படி வந்து இறங்கியவருக்கு முதலில் வேண்டியது முகம் கழுவத் தண்ணீர், தாழ்ப்பாள் விழும் கழிப்பறை, உங்கள் தோட்டத்துக் காபி ஒரு டம்ளர், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. 'வந்து சேர்தல், இளைப்பாறல்: ஒரு மணி நேரம்' என்று நிரலிலேயே எழுது. எழுதாமல் விட்டால் அந்த நேரத்தை யாராவது ஒருவருடைய வரவேற்புரை தின்றுவிடும்.

எழுது என்று சொன்னேன் அல்லவா, இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன். நம் தொழில் இன்னும் மனிதர்களின் தலைக்குள்தான் இருக்கிறது. அது காகிதத்துக்கு வராதவரை தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய அரங்கில் மருத்துவர்கள் மாநாடு ஒன்றை நான் ஏற்று நடத்தினேன். அறுநூறு பேர். இரண்டாம் நாள் பிற்பகல், வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இருந்தது, டீசலும் இருந்தது. ஆனால் மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் எந்த அறையில் இருக்கிறது, அந்த அறையின் சாவி யாரிடம் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த அண்ணன் அன்று காலை தன் தாயார் இறந்துபோன செய்தி கேட்டு ஊருக்குப் போயிருந்தார். அவரைப் போனில் பிடித்து, அழுதுகொண்டிருந்தவரிடம் சாவி எங்கே என்று கேட்டேன். நாற்பது நிமிஷம் அறுநூறு பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டைவிட, அந்தப் போனில் நான் கேட்ட கேள்விதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ஒரு பக்கத் தாளில் சுவிட்சும் சாவியும் குறிக்கப்பட்டிருந்தால் அந்த மனிதரை அவருடைய துக்கத்தோடு விட்டிருக்கலாம்.

'அண்ணன் பாத்துக்குவாரு' என்பது நம் தொழிலில் தினமும் கேட்கும் பேச்சு. பந்தல்காரர் பார்த்துக்கொள்வார், மைக் செட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், சமையல் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் பார்த்துக்கொள்ளவும் செய்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அண்ணன் இல்லாத நாளிலும் வேலை அதே மாதிரி நடந்தால்தான் அது தரம்.

கூட்டம் கூட்டி நடத்துவது நமக்குப் புதிதில்லை. 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்கள் கூடியபோது, தனிநாயகம் அடிகள் முன்னின்று உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ். மின்னஞ்சலும் அலைபேசியும் இல்லாத காலத்தில், கண்டம் விட்டுக் கண்டம் கடிதம் போட்டே அறிஞர்களைக் கூட்டினார்கள். அந்த மாநாடுகளில் நான் மதிப்பது மேடையை அல்ல. அங்கே வாசித்த கட்டுரைகள் தொகுதிகளாக அச்சேறின. பாரிஸ் மாநாட்டுத் தொகுதி 1973-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து வந்தது. அதனால் அங்கே பேசியது இன்றும் நூலகங்களில் இருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை ஆரம்பத்திலேயே யோசித்தவர்கள் அவர்கள்.

இந்தத் தொழிலை நாட்டளவில் ஒழுங்குபடுத்தும் முயற்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஆதரவோடு இந்திய மாநாட்டு மேம்பாட்டுக் கழகம் 1988-இல் அமைந்தது. 2022-இல் மாநாடு, கண்காட்சித் தொழிலுக்கென்றே தேசிய உத்தி ஒன்றை அமைச்சகம் வெளியிட்டது. 2023-இல் ஜி20 தலைமையை ஒட்டி சுமார் அறுபது ஊர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. அதே ஆண்டு டெல்லியில் பாரத் மண்டபமும் யசோபூமியும் திறந்தன. நமக்குச் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையமும், கோவையில் கொடிசியா வளாகமும் இருக்கின்றன. உலகத்தில் இதெல்லாம் நமக்கு வெகு முன்பே தொடங்கியது: 1963-இல் பன்னாட்டு மாநாட்டுச் சங்கம், 1968-இல் தொழில்முறை மாநாட்டு அமைப்பாளர்களின் சங்கம், 1985-இல் கூட்டம் நடத்துகிறவர்களுக்கென்று ஒரு சான்றிதழ்த் தேர்வு. அரங்கம் கட்டுவதில் நாம் வேகமாகத்தான் போகிறோம். அரங்கத்துக்குள் நின்று வேலை செய்யும் ஆளை உருவாக்குவதில் அந்த வேகம் இல்லை.

ஆள் கிடைத்தால் நம்மால் முடியும் என்பதற்கு மாமல்லபுரம் சாட்சி. ரஷ்யாவில் நடக்க இருந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கிருந்து எடுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சென்னைக்கு என்று முடிவாயிற்று. ஜூலை 28-இல் தொடக்க விழா. இடையில் நாலரை மாதம். 186 நாடுகளிலிருந்து வீரர்கள் வந்தார்கள். அந்த விழாவின் சின்னமான குதிரைக்குப் பெயரும் 'தம்பி'தான். அத்தனை நாட்டுக்காரர்களுக்கு உணவு, வண்டி, அறை, மொழி, மருத்துவம் என்று ஓடிய இளைஞர்கள் அந்த இரண்டு வாரத்தில் கற்றது, மூன்று வருஷப் படிப்புக்குச் சமம். அதை அவர்கள் எழுதி வைத்தார்களா என்பதுதான் எனக்கு ஏக்கம். எழுதி வைத்திருந்தால், அடுத்து நாம் நடத்தும் விழா தரையிலிருந்து தொடங்காமல் அந்த உயரத்திலிருந்து தொடங்கும்.

இனி, உன் கூட்டத்துக்கு வருகிறேன்.

மண்டபத்துக்கு வெளியே தற்காலிகக் கொட்டகை போடுவதாக எழுதியிருக்கிறாய். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அப்போது நீ கைக்குழந்தை. வீடியோ எடுக்கப் போட்ட விளக்கின் ஒயரில் பிடித்த தீ, ஓலைக் கொட்டகைக்குத் தாவியது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள். அந்த வாரத்துக்குப் பிறகு, எந்தப் பந்தலுக்குள் போனாலும் முதலில் மேலே பார்ப்பேன், பிறகு வெளியே போகும் வழிகளை எண்ணுவேன். நீயும் இதைப் பழக்கமாக்கிக்கொள். கூரைக்கு ஓலை வேண்டாம். ஒயர்களைத் தரையில் இழுக்காதே. மலையில் பனியும் சாரலும் சொல்லாமல் வரும், நனைந்த தரையில் ஜாயிண்ட் போட்ட ஒயர் கிடக்கக் கூடாது. வெளியேற இரண்டு வழி, இரண்டிலும் நாற்காலி அடுக்கக் கூடாது. பந்தல்காரர் 'ஒண்ணும் ஆகாது தம்பி' என்பார். வயதில் பெரியவர், மரியாதையாகப் பேசு. ஆனால் விட்டுக்கொடுக்காதே.

அடுத்தது பணம். இதைப் பற்றி நம் தொழிலில் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பந்தல்காரர், சமையல்காரர், பாத்திரம் கழுவ வந்த அம்மா, வண்டி ஓட்டியவர், எல்லாருக்கும் கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் கூலி போய்ச் சேர வேண்டும். ஸ்பான்சர் பணம் வரவில்லை என்பது உனக்கும் ஸ்பான்சருக்கும் இடையில் உள்ள பிரச்சினை. அதைக் கூலிக்காரர் தலையில் இறக்காதே. கோட்டேஷன் வாங்கும்போது உனக்கென்று ஒரு பங்கு சேர்த்துப் போடச் சொல்பவர்கள் வருவார்கள். ஒரு முறை வாங்கினால், அதன் பிறகு அந்த ஆளிடம் 'இந்த ஒயரை மாற்று' என்று சொல்லும் குரல் உனக்கு இருக்காது. நேர்மையைப் பற்றி நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பும் நேர்மையும் ஒரே கயிற்றின் இரண்டு முனை.

பிறகு, உன் சொந்த மக்கள். நிரலில் விவசாயிகளுக்கு என்று நீ ஒதுக்கியிருப்பது மாலை நாலு மணி, இருபது நிமிஷம். அதற்கு முன்னால் ஐந்து உரைகள். வாங்க வந்தவர் இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று மூன்றரைக்கே எழுந்துவிடுவார். விவசாயியை முதலில் உட்கார வை. மேடையில் வேண்டாம், மேசையின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் வாங்குகிறவர், நடுவில் மிளகின் மாதிரியும் சாமையின் மாதிரியும். எந்த மாதம் எத்தனை மூட்டை தர முடியும், ஈரப்பதம் எவ்வளவு, மலையிலிருந்து இறக்கும் வண்டிக்கூலி யாருடையது என்று பேசட்டும். ஒவ்வொரு மேசையிலும் அதைத் தமிழில் எழுத உன் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர் இருக்கட்டும். அந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் மலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களுக்காகப் பல வருஷம் வேலை செய்திருக்கிறது. விதை காத்த பெண்கள் உன் நாட்டிலேயே இருப்பார்கள்; அவர்களை அழைத்து மாலை போட்டு அனுப்பிவிடாதே, விலை பேசும் மேசையில் உட்கார வை.

கூட்டத்தின் வெற்றியை வந்த தலைகளை வைத்து எண்ணாதே. 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கையெழுத்தானது ஒரு கணக்கு; அதில் எழுந்த ஆலைகள் இன்னொரு கணக்கு. அவ்வளவு பெரிய கூட்டத்துக்குச் சொல்வது உன் நூறு பேர் கூட்டத்துக்கும் பொருந்தும். மூன்று மாதம் கழித்து ஒவ்வொரு மேசைத் தாளையும் எடுத்து, இரண்டு பக்கத்துக்கும் போன் செய். எத்தனை மூட்டை இறங்கியது, பணம் வந்ததா என்று கேட்டு எழுது. இந்த வேலைக்கு யாரும் உனக்குக் கூலி தர மாட்டார்கள். ஆனால் இதைச் செய்கிறவனைத்தான் வாங்குகிறவர் அடுத்த வருஷமும் நம்புவார்.

சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா என்று கேட்டாய். எழுது. நகரத்துப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலக் கலைச்சொற்களைக் கேட்டு நீ கூச வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் வந்துவிடும். ஆனால் அந்தப் பாடத்திட்டங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஓட்டல் அரங்கத்தை மனத்தில் வைத்தே எழுதினார்கள். எழுபது வளைவும், மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனியும், சிக்னல் இல்லாத ஊரும் அதில் இல்லை. அதை நீ மலையில்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு ஆடியிலும் செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது மலைக்குக் கூட்டம் வருகிறது. வண்டி எங்கே நிற்கிறது, குப்பை எங்கே போகிறது, தண்ணீர் எங்கே தீர்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பார். நிகழ்ச்சிகளைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நடத்துவதற்கென்று 2012-இல் ஐ.எஸ்.ஓ 20121 என்ற பன்னாட்டுத் தரநிலை வந்தது. லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டிப் பிறந்தது. கொல்லிமலைக்கு அப்படி ஒன்று வேண்டுமானால் அதை லண்டன்காரர் எழுத முடியாது. நீதான் எழுத வேண்டும்.

உன் ஊர்க்கவுண்டரிடமும் ஒரு நாள் உட்கார்ந்து பேசு. மாரியம்மன் நோன்பில் எந்த வேலை யாருடைய முறை, ஒருவர் வர முடியாவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பார் என்று கேள். நான் நாற்பது நிமிஷ இருட்டில் கற்றதை அவர் உனக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் சொல்லிவிடுவார். அதையும் எழுதிக்கொள்.

நிரலைத் திருத்தி இந்த வாரமே அனுப்பு. கூடவே அந்த ஒரு பக்கத் தாளும் வரட்டும்: ஜெனரேட்டர் சுவிட்ச், சாவி, பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் போன் எண், நீ இல்லாவிட்டால் யாரைக் கேட்பது. எடை போட வைக்கும் தராசில் காலாவதியாகாத முத்திரை இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடு. நான் கூட்டத்துக்கு முதல் நாளே மலை ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்