கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டால்

லாரியிலிருந்து அரிசி மூட்டையுடன் இறங்கும்போது, யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போல் கெண்டைக்காலில் சுரீரென்கிறது. திரும்பிப் பார்த்தால் எவருமில்லை. நாற்பது வயதைக் கடந்த நம் கடைக்காரர்கள் பலர் இதை அறிவார்கள். உடனே தைலத்தைத் தடவி அழுத்தி உருவுவது நம்மவர் வழக்கம். நாம் தைலத்துக்கு விரோதிகள் அல்லோம். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களில் உருவுவதே கெடுதல்.

சதை என்பது மெல்லிய இழைகளின் கட்டு. அளவுக்கு மீறி இழுபட்டால் சில இழைகள் அறுந்து உள்ளே இரத்தம் கசிகிறது. அப்போது உருவினாலும் ஒத்தடத்தால் சூடேற்றினாலும் கசிவு மிகும். ஓரிரு நாள் கழித்துக் கணுக்கால் பக்கம் நீலம் பாய்வதும் இக்கசிவினாலேதான். குரக்குவலியோ சில நிமிடங்களில் விட்டுவிடும். சுளுக்கென்றால் வலி மூட்டில் இருக்கும்.

மூட்டையை இறக்கிவிட்டு உட்காருங்கள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணிக்கொருமுறை மீண்டும் வைக்கலாம். நீரிழிவினால் கால் மரத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐஸ் வைக்க வேண்டாம். இறுக்காமல் கட்டுப் போட்டுக் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். வலி தணிந்தபின் பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைக்கலாம். படுத்தே கிடப்பதும் தவறு. இலேசான காயம் மூன்று வாரத்துக்குள் ஆறும். இழைகள் அதிகம் அறுந்திருந்தால் ஆறு வாரமோ மேலுமோ ஆகும்.

முதலாளிமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூலி போய்விடுமென்று சிப்பந்தி வலியை மறைத்து மறுநாளும் மூட்டை தூக்குகிறார்; பாதி அறுந்தது முழுதும் அறுகிறது. அவரைச் சில நாள் கல்லாவில் உட்கார வைத்தால் கடைக்கு நட்டம் சொற்பமே.

நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணே அறுந்திருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அடியோ இழுப்போ இல்லாமல், முக்கியமாக நெடும்பயணத்துக்குப் பின், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். அதை உருவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.