போட்டோவைப் பார்த்து வரையலாமா?

கேள்வி: பாட்டியின் முகத்தைப் போட்டோவைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். அச்சு அசலாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை என்கிறார்கள். போட்டோவைப் பார்த்து வரைவது தவறா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தவறே இல்லை. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1854-லேயே மாடல்களைப் புகைப்படம் எடுக்கவைத்து, அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார். அமெரிக்காவின் நார்மன் ராக்வெல், ஆட்களை நடிக்கவைத்து எடுத்த போட்டோக்களைக் கொண்டே பல பத்திரிகை அட்டைகளை வரைந்தார். கேமரா காட்டுவதை அப்படியே நம்புவதில்தான் சிக்கல்.

செல்போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்தால் மூக்கு பெருத்துத் தெரியும், காது பின்வாங்கும். ஏழெட்டு அடி தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், முகத்தின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். பாட்டியை ஜன்னலோரம் உட்காரவையுங்கள்.

போட்டோவில் நிழல் பெரும்பாலும் வெறும் கறுப்பாக விழும். நேரில் பார்த்தால், தாடைக்கு அடியிலுள்ள நிழலில் புடவையின் நிறம் மெல்லப் படிந்திருக்கும். அந்த நிறத்தை அங்கேயே கலந்து, ஒரு துண்டுத் தாளில் தீற்றி வைத்துக்கொள்ளுங்கள். நிழல் தெளிவாகத் தெரியும்படி இன்னொரு போட்டோவும் எடுங்கள்.

சுருக்கம், மயிரிழை எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் வரையாதீர்கள். கண்களைக் கூர்மையாக்கி, காதோரத்தையும் கழுத்தையும் சற்று மங்கவிடுங்கள்.

பிறர் எடுத்த போட்டோ என்றால் அனுமதி வாங்காமல் வரைந்து விற்காதீர்கள். பாட்டி பக்கத்திலேயே இருந்தால், வாரம் அரைமணி நேரமாவது நேரில் பார்த்துப் பென்சிலில் வரையுங்கள். உயிர் தானாக வரும்.