கும்பகருணனும் அளவு விதியும்

கம்பராமாயணத்துக் கும்பகருணன் வதைப் படலத்தைப் படிப்பிக்குங்கால், “இத்துணைப் பேருடம்பினன் நிற்றல் கூடுமோ, ஐயா?” என்னும் வினா வகுப்பில் எழாதிராது. விஞ்ஞான மாணவனே பெரும்பாலும் இதனைக் கேட்பான். குறும்பெனினும் நல்ல வினா.

விடையை ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய கட்டுரையொன்றிற் காணலாம். இவர் இங்கிலாந்திற் பிறந்து, 1957இல் இந்தியாவிற் குடியேறிக் கல்கத்தாவிற் பணியாற்றி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த உயிரியலறிஞர். அவர் காட்டும் கணக்கு எளிது. ஒருவனை உயரம், அகலம், தடிப்பு மூன்றிலும் பத்து மடங்காக்குவோம். நிறை 1000 மடங்காகும்; காலெலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்கே. ஆகவே எலும்பின் ஒவ்வோர் அங்குலப் பரப்பும் பத்து மடங்கு பாரந் தாங்குதல் வேண்டும். அடியெடுத்து வைத்தவுடன் தொடையெலும்பு முறியும். படுவான்கரை வயல்களில் இறங்கும் யானையைத் தன்னாமுனை மாணவர் அறிவர். அதன் கால் உரல்போற் பருத்திருத்தல் இதனாலேயே. மானின் காலைப் பெருப்பித்து யானைக்கு வைத்தல் இயலாது.

இதனாற் கம்பன் பிழைத்தான் என்பேனல்லேன். கவிஞன் எலும்பை அளக்க வந்தவனல்லன். ஆயினும் தமிழ் கற்பார்க்குக் கணிதம் வேண்டா என்பாரோடு யான் உடன்படேன்.

உணவுக் கணக்கு இன்னுஞ் சுவையுடைத்து. 1000 மடங்கு நிறையுடையானுக்கு 1000 பேரின் சோறு வேண்டுமென்றே எவரும் எண்ணுவர். விலங்குகள் ஓய்விலிருக்கையிற் செலவிடும் சத்தியை 1932இல் மாக்ஸ் கிளைபர் ஒப்புநோக்கி, அது நிறையின் முக்கால் அடுக்கிற்கேற்பவே பெருகுகின்றதெனக் கண்டார். முக்கால் அடுக்கென்றதும் அஞ்சற்க. 1000இன் மூன்றாம் அடுக்கைக் கண்டு, அதற்கு இருமுறை வர்க்கமூலங் காண்க. ஏறக்குறைய 178 வரும். கும்பகருணனுக்கு 178 பேரின் சோறு போதும்! மூஞ்சூறு ஓயாது இரைதேடி அலைய, யானை தன் நிறையை நோக்கச் சிறிதே உண்பதும் இவ்விதியாலேயே.

முக்கால் ஏன்? குருதிக்குழாய்கள் கிளைத்துக் கிளைத்து உடலெங்கும் பரவும் அமைப்பே காரணமென வெஸ்ட், பிரௌன், என்குவிஸ்ட் என்னும் மூவர் 1997இற் கணித வாயிலாக விளக்கினர். கிளைகள் எத்துணை பெருகினும் நுனிக் குழாயின் அளவு எலிக்கும் யானைக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பது அவர் கொள்கையின் ஓர் அடிப்படை. அடுக்கு முக்காலன்று, மூன்றில் இரண்டே என வாதிடுவோர் இன்றும் உளர். அவர் கணக்கின்படி கும்பகருணனுக்கு நூறு பேரின் சோறே கிடைக்கும்.