ஆய்வின் வகையைத் தீர்மானிப்பது எது?

கேள்வி: மருத்துவக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆய்வுகள் 'கோஹார்ட்' என்றும், 'கேஸ்-கண்ட்ரோல்' என்றும், வெறுமனே 'பின்னோக்கு ஆய்வு' என்றும் குறிக்கப்படுகின்றன. இவற்றை வகைபிரிக்க உறுதியான அளவுகோல் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அது ஆசிரியர்கள் தம் கட்டுரைக்குச் சூட்டும் பெயரில் இல்லை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை ஆய்வாளரே ஒதுக்கினாரா, இல்லையெனில் ஆட்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்னும் இரண்டு வினாக்களில் இருக்கிறது.

ஒதுக்கீடு ஆய்வாளர் கையில் இருந்தால் அது சோதனை ஆய்வு. சீட்டுக் குலுக்கியதுபோலத் தற்செயலாக ஒதுக்கினால் அது சமவாய்ப்புச் சோதனை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளை இவ்வாறே வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியத்துக்கும் பிரித்தது. தேர்வு நோயாளிகளிடமே விடப்பட்டிருந்தால் வசதியும் நோயின் கடுமையும் கலந்துபோய், வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலன் தரும் என்ற 1959-ஆம் ஆண்டு முடிவை எவரும் எளிதில் நம்பியிருக்கமாட்டார்கள்.

எதையும் ஒதுக்காமல் நடப்பதைக் கவனிக்க மட்டும் செய்யும் ஆய்வுகளில்தான் பெயர்க்குழப்பம் மிகுதி. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-இல் வெளியிட்ட ஆய்வு, லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேரையும் அந்நோய் இல்லாத 709 பேரையும் எடுத்துக்கொண்டு, அவர்களது புகைப்பழக்கத்தை விசாரித்தது. புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் 2 பேர். ஒப்பீட்டுக் குழுவின் 649 ஆண்களில் 27 பேர். நோயை வைத்து ஆட்களைத் தேர்ந்ததால் இது கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு. நோயாளிகளின் எண்ணிக்கையை ஆய்வாளரே நிர்ணயித்துவிட்டதால், புகைப்பவர் நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை இதிலிருந்து நேராகக் கணக்கிட இயலாது. அதே இருவரும் 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் முதலில் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, பின்னர் பல்லாண்டுகள் அவர்களது மரணங்களைப் பதிவு செய்தனர். பழக்கத்தை வைத்துப் பிரித்து விளைவைத் தொடர்ந்ததால் அது கோஹார்ட். பழக்கத்தையும் நோயையும் ஒரே வேளையில் அளப்பது குறுக்குவெட்டு ஆய்வு.

'பின்னோக்கு' என்ற சொல் இவற்றில் எதையும் தீர்மானிப்பதில்லை. ஒரு தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைக் கொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர், செய்யாதவர் என்று பிரித்து, பின்னர் யார் நோயுற்றனர் எனத் தேடினால், தரவு பழையதாயினும் அது கோஹார்ட்டே. கவனிப்பு ஆய்வுகளை எழுதுவதற்கான 'ஸ்ட்ரோப்' நெறிகளின் 2007-ஆம் ஆண்டு விளக்கவுரையும், ஓர் ஆய்வை வெறுமனே முன்னோக்கு, பின்னோக்கு என்று அழைப்பதைத் தவிர்க்குமாறு கூறுகிறது. புதிய மருந்து பெற்றவர்களைக் 'கேஸ்' என்றும் பெறாதவர்களைக் 'கண்ட்ரோல்' என்றும் எழுதிவிட்டு, அதையே கேஸ்-கண்ட்ரோல் என்று அழைக்கும் கட்டுரைகள் இதைவிடப் பெரிய பிழை செய்கின்றன. அங்கே தேர்வு நோயைப் பொறுத்ததன்று, சிகிச்சையைப் பொறுத்தது.

மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'மெஷ்' சொற்பட்டியலும் இந்த ஒவ்வொரு வகைக்கும் தனித் தலைப்பும் வரையறையும் தருகிறது. சமவாய்ப்புச் சோதனையாகவே அமைந்த கட்டுரைக்கு ஒரு தலைப்பும், அத்தகைய சோதனைகளைப் பற்றி விவாதிக்கும் கட்டுரைக்கு வேறொரு தலைப்பும் அதில் உள்ளன. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் தேடுபவர் சோதனை முடிவுகளோடு முறையியல் விவாதங்களையும் சேர்த்து அள்ளிக்கொள்ள நேரிடும்.